தொலைக்காட்சியில் மணி கோர்ப்பவர் எதை விற்கின்றார்?

மண்சரிவினாலும் வெள்ளத்தினாலும் மரக்கறிப் பாத்தியையும் மாட்டுக் கொட்டிலையும் விட்டுவந்து, உறவினர் லயத்திலோ தற்காலிகக் குடியிருப்பிலோ தங்கியிருக்கும் குடும்பத்தினர் எம்மிடம் முதலில் கேட்பது நிலத்தைப் பற்றித்தான். அதற்கடுத்து அவர்கள் கேட்பது சுயதொழிலைப் பற்றி. கேட்பவர்களில் அநேகர் தாய்மார். "பிள்ளை டீவியில பார்த்துப் பார்த்தே மணி மாலையும் தோடும் செய்யப் பழகிட்டா. சாமான் வாங்கிக் குடுத்தா அவளுக்கு ஒரு வருமானம் வருமா?" என்பதே அவர்களின் கேள்வி. நட்டஈடாகக் கிடைத்த பணத்தில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கி வைத்திருப்போரும் உண்டு. காதில் கிடக்கும் கடைசித் தோட்டை அடகு வைத்துவிட்டு, கண்ணாடி மணித் தோடு செய்யச் சாமான் வாங்கலாமா என்று யோசிப்போரும் உண்டு.

இக்கேள்விக்கு ஒரே சொல்லில் ஆம் என்றோ இல்லை என்றோ பதில் கூற இயலாது. தொலைக்காட்சியில் அந்த மாலையைச் செய்து காட்டுகிறவர் எவ்வாறு சம்பாதிக்கின்றார் என்பதை முதலில் நாம் அறிந்துகொள்ள வேண்டும். அவர் செய்வதும் எமது பிள்ளை செய்ய நினைப்பதும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் இரண்டும் வெவ்வேறு தொழில்கள்.

மேசையிலிருந்து கமெராவுக்கு

கைவினைஞர் என்றால் எமக்குத் தெரியும். பானை வனைபவர், பாய் பின்னுபவர், கூடை முடைபவர். தாம் செய்த பொருளை விற்று அவர் வாழ்கின்றார். மேலைநாடுகளில் இவரோடு இன்னொருவரும் உண்டு. அவரைக் கைவினை வடிவமைப்பாளர் என்கின்றனர். இவர் புதிய மாதிரியொன்றைக் கண்டுபிடித்து, அதை மற்றவர்கள் வீட்டிலிருந்தே செய்யக்கூடியவாறு படிப்படியாக எழுதிக் கொடுப்பார். சஞ்சிகைகள் அந்தச் செய்முறைக்குப் பணம் கொடுக்கும். நூலாக வெளிவந்தால் பதிப்பகம் உரிமைத்தொகை கொடுக்கும். மணியும் கம்பியும் விற்கும் நிறுவனங்கள், தமது பொருளைக் கொண்டு புதிய மாதிரிகள் செய்து தருமாறு இவரை அமர்த்திக்கொள்ளும். ஆகவே இவர் விற்பது மாலையை அன்று, மாலை செய்யும் வழியையே.

இத்தகையோர் தொலைக்காட்சிக்கு வந்ததற்கு அமெரிக்காவில் நீண்ட வரலாறு உண்டு. கரோல் டுவால் என்னும் பெண்மணி 1950களின் தொடக்கத்தில் மிச்சிகன் மாநிலத்தின் உள்ளூர்த் தொலைக்காட்சியொன்றில் பணியாற்றத் தொடங்கினார். பல்லாண்டுகளின் பின், வீடும் தோட்டமும் பற்றிய 'எச்.ஜி.ரீ.வி.' அலைவரிசையில் 1994 முதல் 2005 வரை அவருடைய பெயரிலேயே ஒரு கைவினை நிகழ்ச்சி ஒளிபரப்பானது. அவர் தாமே செய்து காட்டியதோடு, நாடெங்கிலுமிருந்து வடிவமைப்பாளர்களை அழைத்துத் தமது மேசையருகே நிறுத்திச் செய்து காட்டவும் வைத்தார். அதுவரை சஞ்சிகைப் பக்கத்தில் பெயராக மட்டும் இருந்த பலர் முகமும் குரலும் பெற்றது அந்த மேசையில்தான். 2023-இல் தமது 97ஆவது வயதில் அவர் காலமானார்.

நகை செய்வதற்கென்றே தனி நிகழ்ச்சிகள் அதன் பின்னர் வந்தன. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி நிலையங்களில் 'பீட்ஸ், போபில்ஸ் அண்ட் ஜுவல்ஸ்' என்ற தொடர் ஒளிபரப்பாகியது. மணிகளும் நகைகளும் என்று அதன் பெயருக்குப் பொருள் கூறலாம். அதை நடத்திய கேற்றி ஹாக்கர் ஏலவே கைவினை வடிவமைப்பாளராகவும் மணி வேலை பற்றிய நூல்களின் ஆசிரியராகவும் அறியப்பட்டவர். பின்னர் அதே தொடரை நடத்த வந்த கண்டி கூப்பர், இந்தியானா மாநிலத்தின் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் கலைக்கல்வி பயின்றவர். கம்பளி நாரை அழுத்திச் செய்யும் நகைகள் பற்றி 2007-இலும், மணி கோர்ப்போர் உலோக வேலையைப் பழகுவது பற்றி 2009-இலும் அவருடைய நூல்கள் வெளிவந்தன.

இவர்களின் பாதையை நாம் சற்றுக் கவனிக்க வேண்டும். தாம் செய்த தோட்டை விற்றுக்கொண்டிருந்தபோது ஒருநாள் யாரோ கண்டெடுத்துத் தொலைக்காட்சியில் ஏற்றிய கதையன்று இது. எழுதினார்கள், வகுப்பு நடத்தினார்கள், நிறுவனங்களுக்கு மாதிரி செய்து கொடுத்தார்கள். கற்பிப்பதுதான் அவர்களின் தொழிலாக இருந்தது. தொலைக்காட்சி அந்த வகுப்பறையின் சுவரை அகற்றியது, அவ்வளவே.

பணம் எந்தப் பையிலிருந்து வருகின்றது?

தமிழ்நாட்டில் சென்னைத் தூரதர்ஷன் 1975-இல் ஆரம்பமானது. அதன் 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியை எம்மில் மூத்தோர் அறிவர். அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, செய்மதி மூலம் இந்தியாவின் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. விவசாயமும் சுகாதாரமும் அவற்றில் முக்கிய இடம் பெற்றன. இவற்றுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. நாற்று நடுவதைக் காட்டிய அதிகாரியிடம்தான் நாற்று வாங்க வேண்டும் என்ற நிலை பார்ப்பவருக்கு இருக்கவில்லை.

கைவினை நிகழ்ச்சிகளின் கதை வேறு. இதை விளங்கிக்கொள்ள மிகச் சிறந்த உதாரணம் நகை செய்பவரல்லர், ஓர் ஓவியர். பொப் ரோஸ் என்பவர் அமெரிக்க விமானப் படையில் 20 ஆண்டுகள் பணியாற்றியவர். அலாஸ்காவில் இருந்தபோது, பொன் அரிக்கும் தட்டுகளில் மலைக்காட்சிகளை வரைந்து உல்லாசப் பயணிகளுக்கு விற்றார். அதாவது அப்போது அவர் எம்மூர்க் கைவினைஞரைப் போன்றவர், செய்ததை விற்றார். 1983 ஜனவரியில் அவருடைய ஓவிய நிகழ்ச்சி பொதுத் தொலைக்காட்சியில் தொடங்கி 1994 வரை நீடித்தது. மொத்தம் 403 பகுதிகள். இவற்றில் தோன்றியதற்கு அவர் ஊதியம் பெறவில்லை. வரைந்த படங்களை விற்பதையும் ஏறக்குறைய கைவிட்டுவிட்டார். அப்படியானால் எதனால் வாழ்ந்தார்? அவருடைய பெயர் பொறித்த வர்ணங்கள், தூரிகைகள், செய்முறை நூல்கள், அவருடைய முறையைக் கற்பிக்கும் வகுப்புகள் ஆகியவற்றால். அரைமணி நேரத்தில் ஒரு மலையை வரைந்து காட்டுவார். பார்த்தவர் மறுநாள் கடைக்குப் போய் அதே தூரிகையைக் கேட்பார்.

மணி வேலை காட்டும் நிகழ்ச்சிகள் பலவும் இந்த வழியில் வந்தவையே. மணி விற்பவர், கம்பி விற்பவர், பசை விற்பவர் அனுசரணை வழங்குவர். அவர்களின் பொருள் மேசையில் இருக்கும்.

விற்பனைக்கென்றே பிறந்த அலைவரிசைகளும் உண்டு. இவற்றின் பிறப்பே வேடிக்கையானது. 1977-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், வானொலி நிலையமொன்றுக்கு விளம்பரக் கட்டணம் செலுத்த வேண்டியவரிடம் காசு இருக்கவில்லை. பதிலாக, தகரப்பேணி திறக்கும் மின்கருவிகள் 112 கொடுத்தார். அறிவிப்பாளர் அவற்றை ஒன்று 9 டொலர் 95 சதத்துக்கு வானொலியிலேயே விற்கப்போக, அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. வீட்டிலிருந்தே பொருள் வாங்கும் தொலைக்காட்சி 1982-இல் அங்கு உருவானது இந்த அனுபவத்திலிருந்துதான். 1993-இல் தென்னசி மாநிலத்தில் தொடங்கிய 'ஜுவல்ரி ரெலிவிஷன்' நகையையும் இரத்தினக் கற்களையும் விற்றது. பின்னர் நகை செய்யக் கற்றுக்கொடுக்கும் நிகழ்ச்சியொன்றையும் அது சேர்த்துக்கொண்டது. அங்கே வடிவமைப்பாளர் ஒருவர் மேசையில் கம்பியை வளைத்துக் காட்டுவார். திரையின் ஓரத்தில் அந்த மணியின் விலையும் அழைக்க வேண்டிய இலக்கமும் தெரியும்.

இதில் மோசடி எதுவும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் காட்டும் செய்முறை உண்மையானது. கைப்பக்குவம் தெரியாதவர் அந்த மேசையில் நிற்கவே முடியாது. வாங்குபவர்களும் பெரும்பாலும் பொழுதுபோக்கிற்காக, தமக்கும் தம் பேரப்பிள்ளைகளுக்கும் செய்து மகிழ்வதற்காகவே வாங்குகின்றனர். செய்ததை விற்று அரிசி வாங்க வேண்டும் என்ற நிலையில் அவர்கள் இல்லை. எமது தாய்மார் அந்த நிலையில் இருக்கின்றனர். நிகழ்ச்சி பேசுவது பொழுதுபோக்காகச் செய்யும் ஒருவரோடு. அதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் பிழைப்புத் தேடும் இன்னொருவர். வித்தியாசம் இங்கேதான் இருக்கின்றது.

கமெரா காட்டாதவை

பத்து நிமிடத்தில் ஒரு மாலை முடிந்துவிடுவதை நாம் திரையில் காண்கின்றோம். சமையல் நிகழ்ச்சியில் அடுப்பில் வைத்த உடனேயே வெந்த கறி மேசைக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் அதேதான். செய்து காட்டுகிறவர் ஒரே மாலையை நான்கைந்து நிலைகளில் முன்கூட்டியே செய்து வைத்திருப்பார். முதல் மணி கோர்த்தது ஒன்று, பாதி முடிந்தது ஒன்று, கொக்கி மாட்ட மட்டும் மிச்சம் உள்ளது ஒன்று. "இப்படியே தொடர்ந்து கோர்த்துக்கொண்டு போனால்..." என்று கூறிவிட்டு அடுத்ததைக் கையில் எடுப்பார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு மணி நேர வேலை மறைந்திருக்கின்றது.

கமெரா பெரும்பாலும் தலைக்கு மேலிருந்து கைகளை மட்டும் காட்டும். நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பெரிய மணிகளையும் தடித்த கம்பியையும் தெரிவு செய்வர். கடையில் விலைபோகும் தோட்டுக்குரிய மணி அதைவிடச் சிறியதாக இருக்கலாம். சிறிய மணியென்றால் கண்ணுக்கும் கைக்கும் வேலை கூடும். லயத்து அறையில் மாலை ஐந்து மணிக்குப் பின் ஒரு குண்டு பல்பின் வெளிச்சத்தில் அது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

உடைந்த மணி, கோணிய கம்பி, அறுந்த நூல் எதுவும் திரையில் வருவதில்லை. ஆனால் அவற்றுக்கும் காசு கொடுத்துத்தான் வாங்கியிருப்போம்.

கற்றுக்கொள்ள வேண்டியவை

அப்படியெனில் பிள்ளை அந்த நிகழ்ச்சியைப் பார்க்கவே கூடாதா? நிச்சயமாகப் பார்க்கட்டும். மாதிரியைப் பார்ப்பதைவிடக் கையைப் பார்க்கச் சொல்லுங்கள். மாதிரி ஆறு மாதத்தில் பழசாகிவிடும், கைப்பழக்கம் நிலைக்கும்.

இணைப்பு வளையத்தை எடுத்துக்கொள்வோம். மாலையையும் கொக்கியையும் சேர்க்கும் சிறு கம்பி வளையம் அது. அதைத் திறக்கும்போது இரு முனைகளையும் பக்கவாட்டில் இழுத்து அகட்டினால் வட்டம் கெட்டுவிடும். மீண்டும் மூடினாலும் சிறு இடைவெளி விழுந்து மாலை கழன்று போகும். இரண்டு குறடுகளால் இரு முனைகளையும் பிடித்து, ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்குமாகத் திருகித் திறக்க வேண்டும், அதேபோலத் திருகி மூட வேண்டும். சந்தையில் வாங்கிய மாலை ஒரு வாரத்தில் அறுந்தது என்று வாடிக்கையாளர் சொல்வாரானால், அநேகமாக அறுந்தது நூலாக இராது. இந்த வளையம் வாய் பிளந்திருக்கும். ஒருமுறை ஏமாந்தவர் திரும்ப வரமாட்டார்.

குறடுகள் மூன்று போதும். கம்பியை வளையமாகச் சுற்ற உருண்டை மூக்குக் குறடு, பிடிப்பதற்குத் தட்டை மூக்குக் குறடு, வெட்டுவதற்கு ஒன்று. முப்பது வகைக் கருவிகள் அடங்கிய பெட்டியைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். தோட்டின் வளையத்துக்கு ஏறத்தாழ 0.8 மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பி வடிவம் கெடாமல் நிற்கும். 0.5 மில்லிமீற்றர் கம்பி மணியைச் சுற்றிப் பின்ன நல்லது. அதில் காதுக் கொக்கி செய்தால் வளைந்துவிடும்.

காதுக் கொக்கியைப் பற்றி இன்னும் ஒரு விடயம். மலிவான கொக்கிகளில் நிக்கல் பூச்சு இருக்கலாம். நிக்கல் சிலருக்குக் காதில் அரிப்பையும் சீழையும் உண்டாக்கும். ஐரோப்பிய நாடுகள் 1994-இலேயே, தோலில் நீண்ட நேரம் படும் பொருட்களில் நிக்கலைக் கட்டுப்படுத்தும் விதியை இயற்றின. கவரிங் தோடு போட்டுக் காது புண்ணான அனுபவம் எமது வீடுகளில் புதிதல்ல. மணியில் மிச்சம் பிடியுங்கள், கொக்கியில் மிச்சம் பிடிக்க வேண்டாம். நிக்கல் இல்லை என்று எழுதியிருக்கும் கொக்கியைக் கேட்டு வாங்கி, விற்கும்போது அதை அட்டையிலும் எழுதி வையுங்கள். வாங்கும் பெண்கள் விளங்கிக்கொள்வர்.

வட்டவளை மழையும் சென்னை வெயிலும்

தமிழ்நாட்டு அலைவரிசைகளில் வரும் காதணிச் செய்முறைகளில் இரண்டு வகை பிரபலமானவை. கடதாசிக் கீற்றைச் சுருட்டிச் செய்வது ஒன்று, களிமண்ணில் செய்து சுடுவது மற்றொன்று. இரண்டுக்கும் மூலப்பொருள் மலிவு என்பதால் எமது பிள்ளைகளும் இவற்றையே நாடுகின்றனர். ஆனால் அவற்றைச் செய்து காட்டுகிறவரின் யன்னலுக்கு வெளியே சென்னை வெயில். எமது வட்டவளையோ ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இடம். கடதாசிச் சுருள் இந்தப் பனியிலும் ஈரத்திலும் இளகும். வார்னிஷ் இரண்டு மூன்று தடவை பூசி, ஒவ்வொரு பூச்சும் முழுதாகக் காய்ந்த பின்னரே அடுத்ததைப் பூச வேண்டும். அங்கே ஒரு பகலில் காய்வது இங்கே மூன்று நாளாகலாம். களிமண் உருப்படி உள்ளே ஈரம் இருக்கையில் சூளைக்குப் போனால் வெடித்துவிடும். பித்தளைக் கம்பி இங்கு விரைவில் கறுக்கும். அதனால் இக்கைத்தொழிலே ஆகாது என்று நாம் சொல்லவில்லை. தென்மேற்குப் பருவ மழைக்காலத்தில் எதைச் செய்வது, காய்ந்த மாதங்களில் எதைச் செய்வது என்று பயிருக்கு வகுப்பதுபோல இதற்கும் ஒரு காலம் வகுக்க வேண்டும். விவசாயிக்கு இது தெரியாத வித்தையன்று.

கண்ணாடி மணிகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை. 2022-இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது. சில மாதங்களுக்குள் 360 ரூபா அளவுக்குப் போனது. இறக்குமதிப் பொருளை நம்பியிருந்த சிறு தொழில்கள் என்ன பாடுபட்டன என்பதை நாம் கண்டோம். பணக்கார நாட்டுக் கைவினைஞருக்கும் இப்படியொரு அடி விழுந்தது. ஒஸ்திரியாவின் சுவரோஸ்கி நிறுவனத்தின் பளிங்கு மணிகளை நம்பி உலகெங்கும் பலர் நகை செய்துவந்தனர். சிறு கைவினைஞருக்கு உதிரி மணிகள் கிடைத்துவந்த வழியை மூடுவதாக 2020-இன் இறுதியில் அந்நிறுவனம் அறிவித்தது. 2021-இல் அவ்வாறே செய்தது. அதன் மாதிரிகளை மட்டுமே பழகியிருந்தவர்கள் எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே ஒரு பகுதியாவது எமது சுற்றாடலில் கிடைப்பதாக இருப்பது நல்லது. சிரட்டை, மரத்துண்டு, தையல்காரரிடம் மிஞ்சும் துணி ஆகியவற்றை நினைத்துப் பாருங்கள். மஞ்சாடி விதை சிவப்பாக, கடினமாக, நிறம் மங்காமல் இருக்கும். ஆனால் சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணியை மட்டும் தொட வேண்டாம். அதன் ஓடு உடையாதிருக்கும்வரை ஆபத்துக் குறைவு. துளை போட்டாலோ பிள்ளை கடித்தாலோ உள்ளிருக்கும் நஞ்சு வெளிவரும். 2011-இல் இங்கிலாந்தின் ஈடன் புரொஜெக்ட் என்னும் தாவரத் தோட்டம், அவ்விதையில் செய்த கைவளையல்களை விற்றுவிட்டுப் பின்னர் திருப்பித் தரும்படி அறிவிக்க நேர்ந்தது. கண்ணுக்கு அழகாக இருப்பதால் எமது பிள்ளைகள் முதலில் பொறுக்கிவருவது அதைத்தான்.

ஒரு கணக்கு

இப்போது காசுக்கு வருவோம். பின்வரும் எண்கள் உதாரணத்துக்கானவை. ஹற்றன் கடைகளில் விசாரித்து, உங்கள் எண்களை இவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சோடி தோட்டுக்கு மணியும் கம்பியும் 90 ரூபா, கொக்கி 20, அட்டையும் பையும் 15, வீணாவதற்கு 10 என்று வைத்தால் 135 ரூபா. 350 ரூபாய்க்கு விற்கிறோம். கடையில் வைத்து விற்றால் கடைக்காரர் நூற்றுக்கு 30 எடுத்துக்கொள்வார் என வைத்துக்கொள்வோம், அது 105. எமது கைக்கு வருவது 245. இருபது சோடி செய்து கொண்டுபோகின்றோம். பஸ்ஸுக்கும் தேநீருக்குமாக 300 ரூபா. மொத்தச் செலவு 3,000.

இருபதும் விற்றால் 4,900 ரூபா வரும், 1,900 மிஞ்சும். ஒரு சோடிக்கு முக்கால் மணி நேரமென்றால் இருபதுக்குப் பதினைந்து மணி நேரம், அதாவது இரண்டு நாள் வேலை. நாளுக்கு 950 ரூபா. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021-இல் 1,000 ரூபாயாகவும் அடிப்படை நாட்சம்பளம் 2024-இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டதை இதனோடு வைத்துப் பாருங்கள்.

இருபதில் பன்னிரண்டுதான் விற்றதென்றால்? வருவது 2,940. கையிலிருந்து 60 ரூபா போயிருக்கும். எட்டுச் சோடி பெட்டிக்குள் கிடக்கும். குறடும் பெட்டியும் வாங்கிய பணத்தை இக்கணக்கில் நாம் சேர்க்கவே இல்லை. கடன் எடுத்திருந்தால் அதன் வட்டியும் வெளியேதான் நிற்கின்றது.

இந்தக் கணக்கைத் தொலைக்காட்சி மேசையில் யாரும் போட்டுக் காட்டுவதில்லை. அங்கே அதற்குத் தேவையும் இல்லை; பார்ப்பவர் மணியை வாங்கியவுடன் அவர்களின் கணக்கு முடிந்துவிடுகின்றது. எமது கணக்கு அந்த இடத்தில்தான் ஆரம்பமாகின்றது.

எனவே தோட்டை அடகு வைத்துச் சாமான் வாங்குவதை நாம் ஆதரிக்கவில்லை. நட்டஈட்டுப் பணத்தையும் முதலிலேயே இதில் இறக்க வேண்டாம். அது கூரைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும், மறுபடி நிலம் கிடைக்கும்போது விதைக்கும் தேவைப்படும். மூன்று குறடுகள், பத்துச் சோடிக்கு வேண்டிய பொருள், இவ்வளவோடு தொடங்கட்டும். அந்தப் பத்தும் விற்ற பணத்தில் அடுத்த இருபதுக்குப் பொருள் வாங்கட்டும். நாலைந்து பிள்ளைகள் சேர்ந்தால் குறடுகளைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம், மணியை மொத்தமாக எடுக்கலாம், ஒருவர் மட்டும் பஸ்ஸில் போய்வரலாம்.

கற்பிப்பதும் ஒரு தொழில்

தொலைக்காட்சி வடிவமைப்பாளர்கள் வாழ்வது கற்பிப்பதனால் என்று கூறினோம். இந்தப் பாதை எமது பிள்ளைகளுக்கு முற்றாக மூடியதன்று. சிலரின் கையில் வேலை இருக்கும், வாயில் சொல் வராது. இன்னும் சிலர் கைவேலையில் நடுத்தரமாக இருப்பர். ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கு எங்கே கை தடுமாறுகின்றது என்று உடனே கண்டுகொள்வர். இரண்டாவது வகைப் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் அவளைத் தோடு செய்வதிலேயே கட்டிப்போட வேண்டாம். மாதர் சங்கங்களிலும் பாடசாலை விடுமுறைக் காலத்திலும் அவள் ஒரு நாள் வகுப்பு நடத்தலாம். பத்துப் பேர் வந்தால், பத்துப் பேரும் ஒரே நாளில் தம் கையால் ஒரு சோடி முடித்துக்கொண்டு போகும்படி திட்டமிட வேண்டும். முடிக்காமல் போனவர் மறுமுறை வருவது அரிது.

பேசிக்கொண்டே செய்யப் பழகுவது எளிதல்ல. கை ஓடும்போது வாய் நின்றுவிடும், வாய் பேசும்போது கை நின்றுவிடும். தங்கையை எதிரே இருத்தி, அவள் பார்க்காமல் கேட்டு மட்டுமே செய்யக்கூடியவாறு சொல்லிப் பார்ப்பது நல்ல பயிற்சி. 'இதை இப்படி எடுத்து' என்று சொன்னால் அவளுக்கு விளங்காது. 'வலது கையிலுள்ள கம்பியை இடது கம்பிக்கு மேலாக' என்று சொன்னால் விளங்கும். இன்று தொலைக்காட்சி நிலையத்தின் வாசலில் காத்திருக்க வேண்டியதும் இல்லை. கைத்தொலைபேசியை இரண்டு கதிரைகளுக்கிடையே கட்டிய பலகையில் கவிழ்த்து வைத்துக் கைகளைப் படம் பிடிக்கும் இளம்பெண்கள் எத்தனையோ பேர். அதைப் பார்க்க வரும் கூட்டம் வேறு, வாங்க வரும் கூட்டம் வேறு என்பதை மட்டும் அவர்கள் மறந்துவிடலாகாது.

உதவி தேடிப் போகவேண்டிய இடம் முதலில் பிரதேச செயலகம். சிறு தொழில் முயற்சிக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைக் கேளுங்கள். 1982ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய அருங்கலைகள் பேரவை கைவினைஞர்களைப் பதிவு செய்கின்றது, பயிற்சி நடத்துகின்றது, 'சில்ப அபிமானி' என்ற கைவினைப் போட்டியையும் நடத்துகின்றது. பதிவு செய்யும்போது, பொருள் எவ்விடத்தில், யாரால், எதனால் செய்யப்பட்டது என்று கேட்பார்கள். வெளிநாட்டு மணியை வாங்கிக் கோர்த்ததற்கும், உள்ளூர் விதையையும் மரத்தையும் கொண்டு சொந்தமாக வகுத்த மாதிரிக்கும் அங்கே மதிப்பு வேறுபடும்.

சந்தை என்று பார்த்தால் எமக்கு அருகிலேயே ஒன்று இருக்கின்றது. மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குச் செல்லும் யாத்திரிகர் பலர் ஹற்றன் வழியாகவே போகின்றனர். புகையிரதம் வட்டவளையைத் தாண்டித்தான் ஹற்றனுக்குச் செல்கின்றது. மலை ஏறி இறங்குபவர் பாரம் சுமக்க விரும்பார். பையில் நசுங்காததும், வீட்டிலிருக்கும் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடியதும், விலை குறைந்ததுமான ஒன்றைத் தேடுவார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டத் திருவிழாவுக்கும் வாங்குபவர் வேறு மாதிரி. புதுச் சேலையின் நிறத்துக்குத் தோடு கேட்பார். இந்த இரு சாராருக்கும் ஒரே பெட்டியைக் கொண்டுபோனால் பாதி திரும்பி வரும். மார்கழிக்கு விற்க வேண்டுமானால் புரட்டாசியிலேயே பத்து மாதிரிகளைச் செய்து, மஸ்கெலியாவிலும் நல்லதண்ணியிலும் கடை போடுகிறவர்களிடம் காட்டி, எது போகும் எது போகாது என்று கேட்டு வரவேண்டும். அவர்கள் வேண்டாம் என்று தள்ளும் மாதிரிகளுக்கு மேற்கொண்டு மணி வாங்க வேண்டியதில்லை.